படையலுக்கு முன் தின்ற ஈரல்

எங்கள் ஆலடி வைரவருக்கு வருசத்தில் ஒரு நாள் வேள்வி. அந்த ஒரு நாளுக்காக என் புருசன் வல்லிபுரம் மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார். கோயில் மனேச்சர் அல்லவா! நெடுந்தீவில் யார் வீட்டுக் கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் நிற்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தன் சால்வை எந்தக் கொடியில் காய்கிறது என்பதுதான் தெரியாது. அதற்கு "செல்லாச்சி!" என்று ஒரு கூப்பாடு போடுவார்.

அந்தச் செல்லாச்சி நான்தான். எண்பத்தாறாம் ஆண்டு வேள்வியில் நடந்ததை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும். கண்ணால் கண்டவள் நான்.

வேள்விக்கு ஒரு முறை இருக்கிறது. விடிந்ததும் கிடாயை வெட்டுவார்கள். ஈரலை முதலில் எடுத்துக் கறியாக்கி, சோற்றோடு வைரவருக்குப் படைக்க வேண்டும். பூசாரி தீபம் காட்டி முடிக்கும்வரை ஒருவரும் அந்தக் கிடாயில் ஒரு துண்டைக்கூட வாயில் வைக்கக்கூடாது. அதன் பிறகுதான் இறைச்சியைப் பங்கு போட்டு வீட்டுக்கு வீடு கொடுப்பார்கள். என் மாமனார் காலத்திலும் இதுதான் முறை, அவருடைய தகப்பன் காலத்திலும் இதுதான். இந்த முறையைப் பற்றி இவர் கதிரையில் இருந்துகொண்டு மணிக்கணக்காகப் பேசுவார்.

அந்த வருசம் ஒரே ஒரு கிடாய்தான். கடலில் நேவி நின்றதால் அக்கரையிலிருந்து கிடாய் வரவில்லை. பக்கத்து வளவு இராசமணியக்கா தன்னுடைய நேர்த்திக் கிடாயைக் கொடுத்தா. புருசனை இழந்தவ, பிள்ளைகள் இல்லை, முப்பது ஆடுகளோடு தனியாக வாழ்கிறவ. வாய் கொஞ்சம் நீளம். எங்கள் வீட்டு நாய் வீரன் ஓயாமல் தும்மிக்கொண்டு, மூக்கால் வடித்துக்கொண்டு, கல்வேலியைப் பாய்ந்து போய் அவவுடைய ஆட்டுப்பட்டியில் படுக்கும். "உங்கடை நாயைக் கட்டி வையுங்கோ. இல்லாட்டில் நான் கட்டுறன்" என்று இவருக்கு முகத்துக்கு நேரே சொல்லியிருந்தா. ஒரு பெண்பிள்ளை அப்படிச் சொன்னது இவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு மாதமாக அவவுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வேள்வியன்று நான் கோயில் கொட்டிலில் அடுப்பை மூட்டிவிட்டு ஈரலுக்குக் காத்திருந்தேன். வந்தது. பார்த்தால் பாதிதான் இருக்கிறது. நாற்பத்தெட்டு வயதுவரை ஆடு அரிந்து ஆக்கிய கைக்கு ஒரு கிடாயின் ஈரல் எவ்வளவு இருக்கும் என்று தெரியாதா? கொட்டிலுக்குப் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன்.

பூவரசுக்குக் கீழே ஐந்து பேர் குந்தியிருந்தார்கள். இவரும், இவருடைய கூட்டாளி தம்பிராசாவும், கூடக் கிடாய் வெட்டிய மற்ற மூன்று பேரும். நடுவில் சிரட்டைத் தணல், பக்கத்தில் சாராயப் போத்தல். ஈரல் துண்டைத் தணலில் ஒரு புரட்டுப் புரட்டினார்கள். மறுபக்கம் புரட்டவில்லை. புகை எழும்பினால் பூசாரி கண்டுவிடுவார் என்ற அவசரம். வெளியே கறுத்து, உள்ளே இரத்தம் சொட்டச் சொட்ட, இவர் அதை வாயில் போட்டு விழுங்கியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். சாமியின் பங்கு! இவரும் என்னைக் கண்டார். உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

நான் என்ன செய்தேன்? திரும்பி வந்து மிச்ச ஈரலுக்கு மிளகாய்த்தூள் போட்டேன். வாயைத் திறக்கவில்லை. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

படையல் முடிந்தது, பங்கும் முடிந்தது. ஒரு மணித்தியாலம் போகவில்லை. முதலில் தம்பிராசா தொண்டையைச் சொறிவதுபோலக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இருமத் தொடங்கினார். அடுத்தது இவர். தும்மல் என்றால் அப்படி ஒரு தும்மல், இருபது, முப்பது என்று நிற்காமல். கண்ணாலும் மூக்காலும் தண்ணீர். தொண்டைக்குள் ஏதோ ஊருகிறது என்றார், காதுக்குள் கடிக்கிறது என்றார், பிறகு எதுவும் சொல்ல முடியாமல் குரல் அடைத்துப்போனது. முகம் வீங்கி, எச்சிலை விழுங்க ஏலாமல், மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடினார். ஐயோ, போய்விடப் போகிறார் என்றே நினைத்தேன். என்ன இருந்தாலும் முப்பது வருசம் கூட வாழ்ந்த மனிதர். அழுதுகொண்டு மாட்டுவண்டிக்குப் பின்னால் ஆசுப்பத்திரிவரை ஓடினேன். அங்கே வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி ஐயா ஊசி போட்டபிறகுதான் மூச்சு சீராக வந்தது.

ஐந்து பேருக்கும் அதே வருத்தம். வேறு ஒருவருக்கும் இல்லை.

மறுநாள் இவருக்குக் கொஞ்சம் குரல் வந்தது. வந்த குரலால் முதலில் சொன்ன கதையைக் கேளுங்கள். "இராசமணி கிடாய்க்கு ஏதோ வைச்சிட்டாள். என்னிலை இருந்த கோவத்துக்குச் செய்வினை செய்து தந்திருக்கிறாள்." பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள், அப்படியென்றால் ஊர் முழுக்கத்தானே அந்த இறைச்சியைத் தின்றது, மற்றவர்களுக்கு ஏன் ஒன்றும் இல்லை என்று. அதற்கும் பதில் வைத்திருந்தார். "கத்தி வைச்ச கைக்குத்தான் செய்வினை பிடிக்கும்." மற்ற நான்கு பேரும் படுத்த பாயிலிருந்தே ஓம் ஓம் என்றார்கள்.

ஊர் நம்பியது. மனேச்சர் சொன்னால் நம்பாமல் என்ன செய்யும்? கூடிப் பேசித் தீர்ப்பும் வைத்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை இராசமணி வைரவர் வாசலில் கற்பூரம் நூர்க்க வேண்டும். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து நூர்த்து, தான் ஒன்றும் செய்யவில்லை என்று சத்தியம் பண்ண வேண்டும். அதுவரை நல்ல தண்ணிக் கிணற்றில் அவ வாளி போடக்கூடாது. சத்தியம் பண்ணாவிட்டால் பிறகு ஒருநாளும் போடக்கூடாது.

நெடுந்தீவில் இதற்கு என்ன அர்த்தம் என்று தெரியுமா? எங்கள் பக்கத்தில் மற்றக் கிணறு எல்லாம் உப்பு. அந்தக் கிணற்றை மூடினால் முப்பது ஆடும் அவவும் ஒரு மாதம் தாங்கமாட்டார்கள். வள்ளத்தில் ஏறித் தீவை விட்டே போகவேண்டும். போவதற்கு அவவுக்கு வேறு இடமும் இல்லை.

நான் வேலியால் எட்டிச் சொன்னேன். "அக்கா, அடிச்சு நூர்த்துப் போட்டு வாங்கோவன். கை கொஞ்சம் சுடும், அவ்வளவுதானே."

"ஏன் நூர்க்கவேணும்?" என்று அவ கேட்டா. "என்ரை நேர்த்திக் கிடாய். குட்டியிலையிருந்து கஞ்சி பருக்கி வளர்த்தனான். நான் போய்க் கற்பூரம் அடிச்சால், அவை சந்தேகப்பட்டது சரியெண்டு நானே ஒப்புக்கொண்ட மாதிரி. அடிக்க மாட்டன், செல்லாச்சி. வைரவர் வந்து நேரை கேட்டாலும் அடிக்க மாட்டன்."

எனக்கு முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. அன்று தொடங்கித் தினமும் இரண்டு குடம் நல்ல தண்ணீரை வேலிக்கு மேலால் நீட்டினேன். இவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தொண்டை நோவு, கத்த ஏலாது. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

மூன்றாம் நாள் இவர் மூக்குத் துடைத்த லேஞ்சியைத் தோய்க்க எடுத்தேன். சளியோடு வெள்ளையாக ஒன்று ஒட்டியிருந்தது. அரிசிமணி அளவு, தட்டையாக, ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கி. சீ, சோற்றுப்பருக்கை என்று தட்டப் போனேன். அது நெளிந்தது.

அதை எனக்கு முன்பே தெரியும். ஆட்டுக்குடல் கழுவுகிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். குடலோடு ஒட்டிய கொழுப்புக்குள் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். சிலதை அமத்தினால் இப்படி ஒன்று வெளியே வரும். நாங்கள் அந்த முடிச்சுகளை வெட்டி எறிந்துவிட்டுக் கழுவிச் சமைப்போம். குடல் கழுவுவது பெண்களின் வேலை என்பதால் ஆண்களுக்கு அது தெரியாது. ஈரல் சுட்டுத் தின்பது மட்டும் தெரியும்!

அதை ஒரு சின்ன மருந்துப் போத்தலில் போட்டு, இவருடைய சாராயத்தையே ஊற்றி மூடினேன். கொண்டுபோய் இவருக்கு முன்னால் வைத்தேன்.

"இது உங்கடை மூக்காலை வந்தது. ஆட்டுக்குள்ளை இருக்கிறது. பச்சை ஈரலோடை உள்ளுக்குப் போயிருக்கு. ஒரு செய்வினையும் இல்லை."

இவர் போத்தலைப் பார்த்தார். முகம் வெளுத்துப் போனது. புழுவுக்குப் பயந்தல்ல.

"கொண்டுபோய்க் கொட்டு."

"அந்த மனிசியின்ரை தண்ணியை நிப்பாட்டியிருக்கிறியள்."

"படையலுக்கு முதல் திண்டதெண்டு வெளியிலை வந்தால் என்ரை மனேச்சர் பதவி என்னாகும்? இந்தக் கோயிலடியிலை நான் எப்பிடி நிக்கிறது? வாயைப் பொத்திக்கொண்டு இரு!" கரகரத்த குரலால் அவ்வளவையும் சொல்லிவிட்டு இருமினார். நான் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை.

போத்தலை மடியில் செருகிக்கொண்டு நேரே ஆசுப்பத்திரிக்கு நடந்தேன். அப்போதிக்கரி பரராசசிங்கம் ஐயா கரம்பொன் ஊர்க்காரர், எப்போதும் நித்திரை காணாத முகம். பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அலுமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அவருடைய முகத்தில் ஒரு பிள்ளையின் சந்தோசம்.

"இது நாக்குப் புழு, அம்மா. நாக்கு மாதிரி இருக்கிறதாலை அந்தப் பேர். நானும் படத்திலைதான் கண்டனான். இதின்ரை பெரிசு நாயின்ரை மூக்குக்குள்ளை இருக்கும். நாய் தும்மேக்கையும் முட்டை வரும், நாயின்ரை மலத்திலையும் வரும். அது புல்லிலை ஒட்டும், ஆடு அந்தப் புல்லைத் தின்னும். பிறகு ஆட்டின்ரை ஈரலுக்குள்ளையும் குடல் முடிச்சுகளுக்குள்ளையும் குஞ்சுகள் தங்கும்."

"மனிசர் திண்டால்?"

"பச்சையாய்த் திண்டால் குஞ்சு உயிரோடை உள்ளுக்குப் போகும். வயித்துக்குள்ளை நிக்காது, மேலை ஏறி வந்து தொண்டையிலையும் மூக்கிலையும் கொளுவிக்கொள்ளும். அதின்ரை வாயடியிலை சின்னக் கொளுக்கியள் இருக்கு, இந்தா பாருங்கோ. அதுதான் அந்தக் கடியும் தும்மலும். கனபேருக்குக் கிழமை ரண்டு கிழமையிலை தானாய் மாறிடும். தொண்டை வீங்கி மூச்சு அடைச்சால்தான் உயிருக்கு ஆபத்து."

"நாங்கள் கறியாக்கித்தானே திண்டனாங்கள்?"

"வடிவாய் வெந்தால் புழு செத்துப்போகும். பயப்பிடாதேங்கோ." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அந்தப் பக்கத்திலை தும்முற நாய் ஏதும் நிக்குதோ? பச்சைக் குடல் திண்டு வளர்ந்த நாய்?"

எங்கள் வீரன்! வீட்டில் ஆடு அரிகிற ஒவ்வொரு முறையும் ஈரல் துண்டையும் நான் வெட்டி எறிகிற குடல் முடிச்சையும் இவர் கையாலேயே அதற்குப் போடுவார். "சிங்கம் மாதிரி வளருது பார்" என்று தட்டிக்கொடுப்பார். அது தும்மித் தும்மி இராசமணியக்காவின் பட்டியில் படுத்தது, அவவுடைய ஆடுகள் அந்தப் புல்லைத் தின்றன. வருத்தம் எங்கள் வளவிலிருந்துதான் போயிருக்கிறது. பழியையும் எங்கள் வளவிலிருந்தேதான் அனுப்பியிருக்கிறோம்.

"ஐயா, வெள்ளிக்கிழமை வந்து இதைச் சொல்லுவியளோ?"

"புழுவைப் பற்றி எங்கையும் வந்து சொல்லுவன். ஆனால் ஆர் எப்ப பச்சையாய்த் திண்டவை எண்டு நான் சொல்ல ஏலாது. அது கண்ட ஆள்தான் சொல்லவேணும்." என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

புதன்கிழமை அவர் மருந்து எடுக்க யாழ்ப்பாணம் போனார். வியாழக்கிழமை நேவி படகுகளை மறித்துவிட்டது. ஐயா அக்கரையில், நான் இக்கரையில். அன்று இரவு சோற்றைப் போட்டு இவருக்கு முன்னால் வைத்துவிட்டுச் சொன்னேன். "நாளைக்கு நீங்களாய்ச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் நான் ஒண்டும் கதைக்க மாட்டன்." இவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார்.

வெள்ளிக்கிழமை காலை வைரவர் வாசலில் சனம் நிறைந்து நின்றது. ஐந்து பேரும் முன்வரிசையில், கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, பெரிய தியாகம் பண்ணியவர்கள் போல. பூசாரி ஆழ்வாப்பிள்ளை பலிக்கல்லில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். இராசமணியக்கா வெறும் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றா.

"இராசமணி, நீர் வந்து நூரும்" என்றார் பூசாரி.

"மாட்டன்."

"அப்ப கிணத்தடிக்கு வரக்கூடாது."

"வருவன். அந்தக் கிணறு இறைக்கேக்கை என்ரை அப்பனும் உள்ளுக்கு இறங்கிச் சேறு அள்ளினவர். மறிக்கிறவர் மறியுங்கோ பாப்பம்."

சனம் கொதித்தது. "பார்த்தியளோ, குற்றம் இல்லாட்டில் ஏன் பயப்பிடுறாள்?" என்று இவர் சொன்னார். சொன்னாரே! அந்தச் சொல்லைக் கேட்டதும் பெண்கள் பக்கத்திலிருந்து நடந்துபோய்க் கற்பூரத்துக்கு முன்னால் நின்றேன்.

"இந்தக் கற்பூரத்தை நான் நூர்க்கிறன்" என்றேன்.

"செல்லாச்சி, வீட்டை போ" என்றார் இவர்.

உள்ளங்கையை விரித்து ஓங்கி அடித்தேன். சுட்டது. நன்றாகவே சுட்டது.

"வைரவர் மேலை ஆணையாய்ச் சொல்லுறன். வேள்வியண்டு படையலுக்கு முதல் இந்த அஞ்சு பேரும் பூவரசடியிலை இருந்து ஈரலைப் பாதி பச்சையாய்த் திண்டவை. நான் கண்டனான். கண்டுபோட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தனான், அது என்ரை பிழை." மடியிலிருந்த போத்தலை எடுத்துப் பலிக்கல்லில் வைத்தேன். "இது இவரின்ரை மூக்காலை வந்த புழு. நாய்க்குள்ளை இருந்து ஆட்டுக்கு வந்தது, பச்சை ஈரலாலை இவைக்கு வந்தது. அந்த நாயும் எங்கடை வீட்டு நாய்தான். அப்போதிக்கரி ஐயா புத்தகத்திலை காட்டினவர். படகு ஓடினதும் அவரையே கேளுங்கோ. கறியாக்கித் திண்ட உங்களிலை ஆருக்கும் ஒரு தும்மல் வந்ததோ? சொல்லுங்கோ!"

பெண்கள் பக்கத்திலிருந்து என்னோடு குடல் கழுவுகிற அன்னப்பிள்ளை எட்டிப் போத்தலைப் பார்த்துவிட்டு, "அட, உது குடல் முடிச்சுக்குள்ளை கிடக்கிறதெல்லோ!" என்றா. பெண்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

"விசரி!" என்று இவர் கத்தினார். "இவளுக்கு விசர் பிடிச்சிட்டுது. பச்சைப் பொய்!"

"பொய்யோ?" நான் பூசாரியிடம் திரும்பினேன். "ஐயா, இன்னொரு கற்பூரம் வையுங்கோ. இந்த அஞ்சு பேரிலை ஒராள் வந்து, படையலுக்கு முதல் திண்டதில்லை எண்டு அடிச்சு நூர்க்கட்டும். ஒராள் போதும். நான் உடனை இந்தத் தீவை விட்டுப் போறன்."

ஆழ்வாப்பிள்ளை ஒரு பெரிய கட்டியாகப் பார்த்து வைத்துக் கொளுத்தினார்.

கற்பூரம் எரிந்தது. தம்பிராசா ஒரு அடி முன்னால் வைத்தார். வைரவரின் சூலத்தைப் பார்த்தார். வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டார். மற்ற மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இவர் கற்பூரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கை ஒருதரம் எழும்பியது, சால்வையைச் சரிசெய்துவிட்டுக் கீழே போனது. எனக்கு இவரைத் தெரியும். ஊருக்குப் பொய் சொல்லுவார், எனக்குப் பொய் சொல்லுவார், வைரவருக்குச் சொல்லமாட்டார்.

நெருப்பு சிறுத்துச் சிறுத்துக் கடைசியில் தானாகவே நூர்ந்தது. கல்லில் ஒரு கறுப்பு அடையாளம் மட்டும் இருந்தது. ஐந்து பேரில் ஒருவருடைய கையிலும் ஒரு சூடும் இல்லை.

பூசாரி குனிந்து விபூதித் தட்டை எடுத்தார். "இராசமணி, நீர் போய்த் தண்ணி அள்ளும்" என்றார்.

"நான் உங்களிட்டை உத்தரவு கேட்டு வரேல்லை" என்று சொல்லிவிட்டு அவ வாளியோடு திரும்பினா. நானும் கூடப் போனேன். இவர் பின்னால் கூப்பிட்டாரா என்று தெரியாது, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கிணற்றடியில் வாளியை அவவிடமிருந்து வாங்கி நானே போட்டேன். கயிற்றை இழுத்தபோது உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து எரிந்தது. அவ கயிற்றைப் பிடிக்க வந்தா.

"விடடி, கை வெந்துபோய்க் கிடக்கு. நான் இழுக்கிறன்."

"தள்ளி நில்லுங்கோ அக்கா" என்றேன். முப்பது ஆட்டுக்கும் அவவுக்கும் போதுமான தண்ணீரை அன்று நான்தான் இறைத்தேன்.